அறுநூற்றுப் பதினொரு டீ

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் என் தம்பி அர்த்தனாரி. உங்கள் கம்பெனி இரண்டாவது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாசலில் நின்றபடியே கம்பெனி பெயரைச் சொன்னதும் என் முகம் மாறியது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லாக் கோபமும் உங்கள் மேல்தான் என்று நினைத்துவிடக் கூடாது. வரிசை முக்கியம், அம்மிணி. அவன் முதலில், நீங்கள் அப்புறம்.

உட்காருங்கள். அதில் வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். பெங்களூரிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் வந்திருக்கிறீர்கள், தண்ணீர் குடியுங்கள். அந்தப் பனியனும் தொப்பியும் பையிலேயே இருக்கட்டும். கையெழுத்து விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம். விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு விளம்பரம் எடுக்கிறீர்கள், பழைய விளையாட்டில் அதிகம் ஓட்டிய பத்து டிரைவர்களைப் படம் பிடிக்கிறீர்கள், நான் நாலாவது. அதுதானே? புரிந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் முப்பத்தாறு வருஷம் இந்தியா பூராவும் லாரி ஓட்டியவன். சொன்னால் புரியும்.

என் தம்பி செய்ததைக் கேளுங்கள். அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தான். பதின்மூன்று வருஷம் ஆகிறது. அழைப்பவர்கள் பெயர் வரிசையில் முதலில் பெண்ணின் பெரியப்பா பெயர் வர வேண்டும். நான் ஒரே பெரியப்பா. எங்கள் அப்பா இல்லை, அந்த இடத்தில் நான்தான். பத்திரிகையில் முதலில் அவன் பெண்டாட்டியின் அண்ணன் பெயர். அதற்குக் கீழே செங்கோட்டுவேலு, லாரி டிரைவர். மச்சானுக்குக் கீழே நான்! பத்திரிகையைக் கொண்டுவந்தான். இதோ, இந்தக் கட்டில்மேல்தான் வைத்தான். நான் கையில் எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தே படித்துவிட்டேன்.

"அண்ணா, பிரஸ்காரன் மாத்திப் போட்டுட்டானுங்ணா. எண்ணூறு அடிச்சாச்சு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கொ" என்றான்.

"எண்ணூறையும் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி அடி."

"பாதி ஊருக்குக் குடுத்தாச்சுங்ணா."

"அப்ப அந்தப் பாதி ஊரையே வெச்சுக் கல்யாணத்தப் பண்ணிக்க."

நின்றான். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். போனவன் போனவன்தான். தப்பு அவனுடையது, இளையவன் அவன், அவன்தான் திரும்பி வந்து பேச வேண்டும். வரவில்லை. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. என் மனைவி இறந்தபோது வந்தான், மாலை போட்டான், கூட்டத்தோடு நின்றான், போனான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அவன் வீடு இங்கிருந்து எட்டுக் கிலோமீட்டர். பஸ் வசதி இருக்கிறது.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று பார்க்கிறீர்கள். வருகிறேன்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேன். கண்ணில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். லைசென்ஸ் போச்சு. ஒரு மாசம் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். என் மகள் மேகலை பக்கத்துத் தெரு. மத்தியானம் சோறு கொண்டுவருவாள். அவள்தான் இந்த போனில் உங்கள் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். "'நேஷனல் பர்மிட்'டுங்ப்பா, நெஜ ரோடு மாதிரியே இருக்குது, ஓட்டிப் பாருங்க" என்றாள்.

அப்போது அது உங்கள் விளையாட்டு இல்லை. கோயம்புத்தூரில் மூன்று பையன்கள் செய்தது. பீளமேட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து செய்தார்கள். அதில் ஒருவர் சிவநேசன். அவரே மஞ்சள் நிற மீட்பு வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ரோட்டில் சுற்றுவார். யாராவது பள்ளத்தில் கவிழ்ந்தால் வந்து தூக்கிவிடுவார். "ஐயா, தொப்பூர் இறக்கம் சரியா வந்திருக்குதுங்களா?" என்று என்னிடம் கேட்பார். நான் பேசுவேன், மேகலை எழுதுவாள். "ரெண்டாவது வளைவு இன்னும் மோசமா இருக்கணும், அங்கே பிரேக்கு காய்ஞ்சு புகை வரணும்" என்றேன். அடுத்த வாரம் புகை வந்தது! சொன்னால் கேட்டார்கள், அம்மிணி. முதலாளியே கண்முன்னால் வண்டி ஓட்டினான் என்றால் டிரைவருக்கு அவன்மேல் மரியாதை இருக்கும்.

அந்த விளையாட்டில் முன்பலகையில் நமக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளலாம். தமிழிலேயே எழுதலாம். நான் "பாவாயி துணை" என்று எழுதச் சொன்னேன். பாவாயி எங்கள் அம்மா. இரண்டரை வருஷம் ஓட்டியிருப்பேன். ஒரு நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும், சேலத்திலிருந்து நாக்பூருக்கு ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு போகிறேன். கிருஷ்ணகிரி டோலில் எனக்கு முன்னால் ஒரு சிவப்பு லாரி. பலகையில் "பாவாயி துணை".

இந்த நாட்டில் எத்தனையோ பாவாயி இருக்கலாம். ஆனால் அந்த வண்டி டோலைத் தாண்டியதும் இடது ஓரமாகப் போய், டயரைப் பார்க்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றது. விளையாட்டில் டயரைப் பார்க்க வேண்டியதே இல்லை. டோல் தாண்டினால் டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு இருபது வயதில் பழக்கினவன் நான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் பன்னிரண்டு வருஷம் ஓடினவர்கள். ஒருவன் ஓட்டினால் ஒருவன் தூங்குவான். அவன் ஓட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும். வேறு யார் ஓட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு ரோட்டை எண்ணிக்கொண்டிருப்பேன். அது வேறு விஷயம்.

நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை. ஆனால் அவன் கிளம்பவும் இல்லை. நான் கிளம்பினேன், பின்னால் வந்தான். அடிலாபாத் பக்கம் என் டயர் வெடித்தது. நான் மாற்றி முடிக்கிற வரைக்கும் பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றான். அதற்கப்புறம் தினம் மூன்று மணிக்குக் கிருஷ்ணகிரி டோல். யாரும் சொல்லி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட உண்டு.

மேகலை ஒரு நாள் பார்த்துவிட்டாள். "ஏனுங்ப்பா, இது சித்தப்பா வண்டிதானுங்களே?"

"இருக்கும்."

"பேசறதில்லை, வண்டி மட்டும் சேர்ந்து ஓட்டறீங்களா?"

"வண்டி வேற, பேச்சு வேற."

"அங்கே எழுதறதுக்கு இடம் இருக்குதுங்ப்பா. 'நல்லாருக்கியா'ன்னு ஒரு வார்த்தை நான் அடிச்சு விடட்டுமா?"

"கையை எடு" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். நீங்களே சொல்லுங்கள், நான் எப்படி முதலில் கேட்பது? கேட்டால் பத்திரிகை சரி என்று ஆகிவிடாதா?

இப்போது டீ. உங்கள் இரண்டாம் பாகத்தில் டீ இல்லை, அதனால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பழையதில் தாபாவில் வண்டியை நிறுத்தினால், பக்கத்து வண்டிக்காரனுக்கு ஒரு டீ வாங்கி அனுப்பலாம். ஒரு நாளைக்கு ஒன்று. அவன் திரையில் ஒரு கண்ணாடி டம்ளர் வரும். கீழே "குடிக்கிறேன்", "வேண்டாம்" என்று இரண்டு பொத்தான். குடித்தால் டிரைவருக்குக் களைப்பு தீரும். அதற்காக சிவநேசன் வைத்தது.

அப்படிப் பத்து மாசம் ஓடின பிறகு, கர்னூல் தாண்டி ஒரு தாபாவில் முதல் டீ வந்தது. "பாவாயி துணை உங்களுக்கு ஒரு டீ வாங்கியிருக்கிறார்."

பேச்சு இல்லாத வீட்டில் கை நனைப்பதில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உங்கள் பக்கம் எப்படியோ, எங்களில் அப்படித்தான். அதனால் "குடிக்கிறேன்" என்று அழுத்த முடியாது. ஆனால் "வேண்டாம்" என்றும் நான் அழுத்தவில்லை. அதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்துவிட்டான், இருக்கட்டும் என்று விட்டேன். ஓரத்தில் சின்னதாக டம்ளர் படம், பக்கத்தில் ஒன்று என்று இருந்தது. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் மூன்று.

தினம் வாங்கினான். நான் குடிக்கவில்லை என்று அவனுக்குத் தெரியும், அவன் பக்கமும் அது காட்டும். ஆனாலும் வாங்கினான். நூறு ஆனது, இருநூறு ஆனது. காலையில் எழுந்து போனைத் திறந்தால் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பேன். குறையாது, யாரும் எடுக்க முடியாது, இருந்தாலும் பார்ப்பேன். அவன் வாயைத் திறந்து அண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அத்தனையையும் ஒரே நாளில் குடித்துவிடலாம் என்று வைத்திருந்தேன். சத்தியமாக அப்படித்தான் வைத்திருந்தேன்.

அப்புறம் உங்கள் கம்பெனி வந்தது.

வந்த அன்றைக்கு எல்லோர் போனுக்கும் ஒரு கடிதம். மேகலை படித்துக் காட்டினாள். கோயம்புத்தூர்க்காரர்களும் வெளிநாட்டுப் பெரிய கம்பெனியும் கைகோத்திருக்கிறார்கள், இனிமேல் விளையாட்டை வெளியிடுவதும் நடத்துவதும் பெரிய கம்பெனி, உங்களுக்கு எந்த மாற்றமும் இருக்காது என்று. எந்த மாற்றமும் இருக்காது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே சந்தேகப்பட வேண்டும். லாரி ஆபீஸ் கைமாறின அன்றைக்கு இப்படித்தான் எங்களுக்கும் லட்டுக் கொடுத்தார்கள்.

முதலில் மஞ்சள் வண்டி காணாமல் போனது. சிவநேசனுக்கு ரோட்டில் ஓட்டுகிற வேலை இனி இல்லையாம். தாபா பலகைகளில் டின்னில் அடைத்த ஏதோ பானத்தின் விளம்பரம் வந்தது. நர்மதா மேல் ஒரு பாலம் கட்டி ஜபல்பூருக்கு வழி விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே "பணி நடைபெறுகிறது" என்று ஒரு பலகை, ஒரு வருஷம் பூராவும் அப்படியே. பணி ஒன்றும் நடைபெறவில்லை. பிறகுதான் தெரிந்தது, வேலைக்காரர்களையெல்லாம் இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். மகன் பிறக்கப் போகிறான் என்று அப்பனுக்குச் சோறு போடுவதை நிறுத்தின மாதிரி.

"நேஷனல் பர்மிட் இரண்டு" வருகிறது என்று சொன்னீர்களோ இல்லையோ, ரோடு காலியாக ஆரம்பித்தது. கிருஷ்ணகிரி டோலில் முன்பு இருபது வண்டி நிற்கும். ஐந்தானது. மூன்றானது. கடைசியில் சிவப்பு வண்டியும் என் வண்டியும்தான். இரண்டும் ஒரே பெயரோடு.

என் போனில் புதுசு ஓடாது. புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்று மேகலை சொன்னாள், வேண்டாம் என்றேன். பங்குனி மாதம் இன்னொரு கடிதம் வந்தது. மார்ச் முப்பத்தொன்றோடு பழைய விளையாட்டு மூடப்படும். வண்டி, பலகை, ஓட்டிய கிலோமீட்டர் எல்லாம் இரண்டாம் பாகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வாங்காமல் வைத்திருக்கிற பரிசுகள் வராது. வாங்காமல் வைத்திருக்கிற பரிசு என்றால் என்ன என்று கேட்டேன்.

"உங்க டீதாங்ப்பா" என்றாள் மேகலை. "முப்பத்தொண்ணுக்குள்ள குடிச்சுப்போடுங்க. இல்லாட்டிப் போயிரும்."

அப்போது அறுநூற்று ஏழு.

நான் யோசித்தேன். நிஜமாக யோசித்தேன், அம்மிணி. நாலு நாள் யோசித்தேன். கடைசி நாள் சாயங்காலம் அழுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். கடைசி நாள் என்றால் அவன் பார்ப்பான், ஆனால் அதற்குமேல் பேச்சு வளராது. என் மானமும் போகாது. அப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது, மார்ச் இருபத்திரண்டு, மூன்று பத்து. டோலைத் தாண்டி ஓரமாக நின்றோம். அவன் எழுதினான்.

இரண்டரை வருஷத்தில் முதல் தடவை. அந்த எழுதுகிற இடத்தில் அவன் வண்டியின் பெயர் வந்தது, பக்கத்தில் ஒரு வரி வந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், கண்ணாடியைத் தேடினேன், கண்ணாடி கழுத்திலேயே இருந்தது. போட்டுக்கொண்டு பார்த்தால் ஒரு எழுத்தும் இல்லை. எல்லாம் நட்சத்திரம். முதலில் ஐந்து நட்சத்திரம், ஒரு இடைவெளி, ஏழு நட்சத்திரம், ஒரு இடைவெளி, ஒன்பது.

மேகலை அப்போதுதான் பாத்திரம் எடுக்க வந்தாள். காட்டினேன். அவள் பார்த்த உடனே முகம் சுருங்கிப் போச்சு. சொல்ல மாட்டேன் என்றாள். நான் விடவில்லை.

"கெட்ட வார்த்தை போட்டா இப்படித்தாங்ப்பா வரும். புதுக் கம்பெனிக்காரங்க வெச்சிருக்கறாங்க. அசிங்கமா எழுதுனா அது மறைச்சுப் போடும்."

"வரி பூராவுமா?"

"பூராவும் அசிங்கமா இருந்தா பூராவும் மறைக்கும்."

பத்து வருஷம் பேசாமல் இருந்து, அதற்கப்புறம் இரண்டரை வருஷம் தினம் என் பின்னால் வந்து, கடைசியில் எழுதுகிறான், அது மூன்று வார்த்தையும் வசவு. எனக்கு என்ன தோன்றும்? உங்களுக்கு என்ன தோன்றும்? டம்ளர் படத்தைத் தொட்டேன். கீழே மூன்றாவதாக ஒரு பொத்தான் உண்டு, அதுவரைக்கும் நான் கவனித்ததில்லை. "அனைத்தும் வேண்டாம்." அழுத்தினேன். "உறுதியாகவா?" என்று கேட்டது. அதற்கும் அழுத்தினேன். மேகலை என் கையைப் பிடிக்க வந்தாள், அதற்குள் முடிந்துவிட்டது. அறுநூற்றுப் பதினொன்று பூஜ்யமானது.

அவன் பக்கம் என்ன காட்டியிருக்கும்? ஒவ்வொன்றாகக் காட்டியிருக்குமோ, மொத்தமாகக் காட்டியிருக்குமோ, உங்களுக்குத் தெரியுமா? சரி, விடுங்கள். சிவப்பு வண்டி அப்படியே நின்றது. நான் கிளம்பிக் கொஞ்ச தூரம் போய் வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், அங்கேயே நின்றது. பின்னால் வரவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு அவன் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒன்பது நாள் நான் ஒருவனாக ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு போனேன். முப்பத்தொன்றாம் தேதி நாக்பூருக்கு எண்பது கிலோமீட்டர் இருக்கும்போது திரை நின்றது. நன்றி, இரண்டாம் பாகத்தில் சந்திப்போம் என்று வந்தது. லோடு இறக்கவில்லை.

ஆனி மாதம் நாலாம் தேதி அவன் இறந்துவிட்டான்.

வயக்காட்டில் மோட்டார் போடப் போனவன் அங்கேயே விழுந்துவிட்டான். நெஞ்சு. அறுபத்து மூன்று வயது. மூத்தவன் நான் இங்கே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், இளையவன் போய்விட்டான். அதிலும் வரிசையை மாற்றினான், பார்த்தீர்களா? எனக்குச் செய்ய வேண்டியது எதையும் அவன் சரியான வரிசையில் செய்யவில்லை.

போனேன். போகாமல் இருப்பார்களா? கொட்டகைக்குக் கீழே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி சரசு உள்ளேயிருந்து வந்தாள். எல்லோர் முன்னாலும் என் எதிரில் நின்றாள்.

"மாமா, டீயக்கூடவா வேண்டாம்னு போடோணும்?" என்றாள்.

சரசு அதோடு விடவில்லை.

"ஒரு மாசம் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாருங்க மாமா. அண்ணன் ஒரு டீயக்கூட விட்டுவெக்கல சரசு, ஒண்ணக்கூட விட்டுவெக்கலன்னு. எல்லாத்தையும் எண்ணி வெச்சிருந்தாரு மனுசன்."

"அவன் எழுதினது என்னன்னு உனக்குத் தெரியுமா? அதச் சொல்லு மொதல்ல" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவளுக்குத் தெரியவில்லை. ஓசூரிலிருக்கிற மகளுக்கு போன் போட்டு, தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது, புள்ளி எப்படி வைப்பது என்று ஒரு மத்தியானம் பூராவும் கேட்டானாம். மகள் அங்கேதான் இருந்தாள், பத்திரிகையில் பெயர் போட்ட அதே பெண். "என்ன எழுதறீங்கன்னு கேட்டேனுங்க பெரியப்பா, உனக்கெதுக்குன்னு சொல்லிட்டாங்க" என்றாள். யாருக்கும் காட்டவில்லை. அவனும் நாலாம் வகுப்புதான். வசவு எழுதுவதற்கு ஒருவன் மத்தியானம் பூராவும் புள்ளி வைக்கக் கற்றுக்கொள்வானா? எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். பீளமேட்டு மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. கீழே இருந்த பேக்கரியில் விசாரித்து, சிவநேசன் வேலை செய்கிற இடத்துக்குப் போனேன். வேறொரு கம்பெனியில், கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு வந்தார். எனக்கு மகன் வயதுதான், தலை நரைத்துவிட்டது. நான் யார் என்று சொன்னதும் தொப்பூர் புகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் நிறுத்தி, நட்சத்திரத்தைக் கேட்டேன்.

பக்கத்தில் ஒரு படிக்கட்டில் என்னை உட்காரவைத்தார்.

"ஐயா, அவங்க வெச்ச வடிகட்டிக்குத் தமிழே தெரியாதுங்க. தெரியாத எழுத்து எல்லாமே அதுக்குக் கெட்ட வார்த்தைதான். வணக்கம்னு போட்டாக்கூட நட்சத்திரம்தான் வருமுங்க."

"உங்களுக்குத் தெரியுமா அது?"

"வந்த வாரமே தெரியுமுங்க. எழுதி எழுதிக் கேட்டோம். பழசுல இனி கைய வெக்க வேண்டாம், ரெண்டாம் பாகத்துல சரி பண்ணிக்கலாம்னாங்க."

சரி பண்ணினீர்களா? இரண்டாம் பாகத்தில் தமிழ் வருகிறதா? வருகிறது. நல்லது. நல்லது.

நான் நட்சத்திரத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஐந்து, ஏழு, ஒன்பது. அதைக் கொடுத்தேன். சிவநேசன் பேனாவை எடுத்தார். கம்ப்யூட்டர் நம்மை மாதிரி எழுத்தை எண்ணாதாம், புள்ளிக்குத் தனி நட்சத்திரம், காலுக்குத் தனி நட்சத்திரம். "அண்ணா" என்று எழுதி எண்ணிக் காட்டினார். அ ஒன்று, ண இரண்டு, புள்ளி மூன்று, இன்னொரு ண நாலு, கால் ஐந்து. ஐந்து! "முதல் வார்த்தை அதுதானுங்க ஐயா, அதாத்தான் இருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

எனக்கு அப்படி ஏற்றுக்கொள்ள முடியாது, அம்மிணி. ஐந்து வந்தால் அண்ணா ஆகிவிடுமா? நான் ஊருக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன். எருமைக்கும் ஐந்துதான் வருகிறது. எ, ர, கீழே ஒரு சுழி, ம, முன்னால் இரட்டைச் சுழி. எண்ணிப் பாருங்கள். பொய்யாக ஒரு அண்ணாவை நானே போட்டுக்கொண்டு சந்தோஷப்படச் சொல்கிறீர்களா? அடுத்து ஏழு, அதற்கடுத்து ஒன்பது. நாலு மாசமாகத் தினம் மூன்று மணிக்கு உட்கார்ந்து வார்த்தை போட்டுப் பார்க்கிறேன். நல்லதும் பொருந்துகிறது, கெட்டதும் பொருந்துகிறது.

நீங்கள்கூட ஒருமுறை எழுதியிருக்கலாமே என்று மேகலை நேற்றும் கேட்டாள். நான் எழுதியிருந்தால் அதுவும் நட்சத்திரமாகத்தானே போயிருக்கும் என்றேன். உங்கள் கம்பெனி வருவதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் இருந்ததே என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

சிவநேசன் ஒன்று சொன்னார். எழுத்து உங்கள் இடத்துக்கு முழுசாகத்தான் வந்து சேருமாம். அதை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கள் திரைக்கு அனுப்பும்போதுதான் நட்சத்திரம் போடுவீர்களாம். ஆக, என் தம்பி எழுதினது உங்களிடம் வந்திருக்கிறது. எங்களுக்கு அந்தக் கதவு திறக்காது, சாவியெல்லாம் அவர்களிடம் கொடுத்துவிட்டோம் என்றார். அதனால்தான் நீங்கள் போனில் கேட்டபோது, வாருங்கள் என்று நான் உடனே சொன்னேன். படத்துக்காகச் சொல்லவில்லை.

தேதி மார்ச் இருபத்திரண்டு. மணி மூன்று பத்து. கிருஷ்ணகிரி டோல். வண்டிப் பெயர் பாவாயி துணை. பேசுங்கள், உங்கள் பெரியவர்களிடம் இப்போதே பேசுங்கள். நான் இருக்கிறேன். வெளியில் போக வேண்டாம், இங்கேயே பேசுங்கள்.

என்ன சொல்கிறார்?

தொண்ணூறு நாளா?

தொண்ணூறு நாளுக்குமேல் வைப்பதில்லை. அழித்துவிடுவார்கள். மார்ச் இருபத்திரண்டிலிருந்து தொண்ணூறு நாள் என்றால், பொறுங்கள், ஏப்ரல், மே... ஆனி முதல் வாரம். அவன் போன வாரத்தில்தான் அதுவும் போயிருக்கிறது.

இல்லை, அம்மிணி. இன்னொரு தடவை கேளுங்கள். அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள், எனக்குக் கொண்டுவந்தீர்களே, அது. இங்கே என்ன போட்டிருக்கிறது? நாலு லட்சத்துப் பதினாலாயிரத்து முந்நூற்று இருபது கிலோமீட்டர். நான் ஓட்டினது. ஒரு கிலோமீட்டர் விடாமல் வைத்திருக்கிறீர்கள். எத்தனை டயர் வெடித்தது என்றுகூட இருக்கிறது. விளம்பரத்துக்கு வேண்டியது எல்லாம் பத்திரமாக இருக்கிறது. என் தம்பி எழுதின மூன்று வார்த்தைதான் உங்களுக்கு இடத்தை அடைத்ததா?

நல்லதாகத்தான் எழுதியிருப்பார் என்று நீங்கள் சொல்லாதீர்கள். உங்களுக்கு அவனைத் தெரியாது. எனக்கே தெரியவில்லை.

பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியையும். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம். கையெழுத்து இன்றைக்குக் கிடையாது. எங்கேயாவது ஒரு மெஷினில், யாராவது அழிக்க மறந்த இடத்தில் அந்த வரி கிடக்கும், தேடச் சொல்லுங்கள். அதைக் கொண்டுவந்தால் போடுகிறேன். நல்லதாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூன்று வார்த்தையும் வசவாகவே இருக்கட்டும். அவன் எனக்கு எழுதினது அது. உங்கள் கையில் கொடுத்தான். நீங்கள் என்னிடம் சேர்க்கவில்லை.